புளியங்கொட்டைப் பந்தயம்

"தங்கச்சி, ஒரு நிமிஷத்துல எத்தனை வார்த்தை அடிப்பிய?" என்று கேட்டார் வெள்ளத்துரை. ராயபுரத்துப் புளி மண்டியில் நான் டைப் அடிக்கும் வேலைக்குச் சேர்ந்த முதல் காலை அது. அவர் அங்கே கணக்கப்பிள்ளை.

"நாற்பது," என்றேன்.

"உங்களுக்கு முன்னாடி இருந்தவரு நாற்பத்தஞ்சு."

"அவர் இங்கிலீஷ் மட்டும்தானே. நான் தமிழ்லயும் அடிக்கணும்னாங்க."

"அப்ப ரெண்டையும் கூட்டிப் பாப்பம்! சும்மா ஒரு உற்சாகத்துக்குத்தான். சண்டையா பிடிக்கப் போறோம்?"

எனக்கு முன் இருந்தவர் வேலையை விட்டு ஆறு மாதம் ஆகியிருந்தது. ஆனாலும் அன்று மாலைவரை நான் அவரோடு ஓடிக்கொண்டிருந்தேன்.

வாசகரே, இந்த இனத்துக்குப் பந்தயக்காரர் என்று பெயர். கிண்டிக்குக் குதிரை பார்க்கப் போகிறவரைச் சொல்லவில்லை. அவர் தோற்றுவிட்டு வீடு திரும்பிவிடுவார், உலகத்துக்குத் தொல்லை இல்லை. நான் சொல்கிறவர், காலையில் மண்டிக் கதவைத் திறக்கும்போதே எதிர் மண்டி திறந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்து, பூட்டைக் கழற்ற எத்தனை நொடி என்று எண்ணி, வண்டிக்கார அப்துல் வஹாப் நாலு மூட்டை இறக்குவதற்குள் ஒரு தம்ளர் காப்பியைக் குடித்துவிட முடியுமென்று சவால் விட்டு, குடித்து, "ஜெயிச்சது யாரு?" என்று கேட்கிறவர். நாக்குச் சுட்டவர் யார் என்று நாங்கள் கேட்பதில்லை.

இப்படிப்பட்டவர் கையில் இருபது பெண்கள் கிடைத்தால் என்ன ஆகும்? மண்டியின் பின்கட்டில் அவர்கள் உட்கார்ந்து புளியைத் தட்டிக் கொட்டை எடுப்பார்கள். பேசுவார்கள், சிரிப்பார்கள், வேலையும் நடந்துகொண்டிருந்தது. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. ஒரு திங்கட்கிழமை அவர்களை வாசல் வரிசை, சுவர் வரிசை என்று பிரித்தார். சுத்தம் செய்த புளியை அளந்தால் படியில் ஒட்டிக்கொள்ளும், கொட்டை ஒட்டாது. ஆகவே மாலையில் எந்த வரிசைக் கொட்டை அதிகமோ அதற்கு வெற்றி. தோற்றவர்கள் ஜெயித்தவர்களுக்கு வெற்றிலை மடித்துக் கொடுக்க வேண்டும். முடிவைக் கரும்பலகையில் எழுதுவது என் வேலை.

"சும்மா ஒரு உற்சாகத்துக்குத்தான்," என்றார்.

சுவர் வரிசையில் கன்னியம்மா என்று ஒருத்தி. அவளுக்கு நாலு மாதக் கைக்குழந்தை. தினமும் பத்து மணிக்கு ஆலைச் சங்கு ஊதினால் காசிமேட்டுக் குப்பத்துக்கு ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு அரை மணியில் திரும்பிவிடுவாள். முதலாளி அதைத் தடுத்ததில்லை. ஏன், வெள்ளத்துரையே தடுத்ததில்லை. செவ்வாய்க்கிழமை தடுத்தவள் அவள் பக்கத்தில் உட்காரும் பவுனம்மாள்.

"இன்னாமே, எந்திரிக்கிற?"

"புள்ள அழுவும்க்கா."

"அழுதா தொண்டை நல்லா வளரும். நேத்து உன்னாலதான் அவளுங்களுக்கு வெத்தல மடிச்சோம். அந்த மலர்க்கொடி சிரிச்ச சிரிப்பு வூடு வரிக்கும் கேட்டுகினு வந்துச்சு. குந்து!"

கன்னியம்மா உட்கார்ந்தாள். மத்தியானம் அவள் ரவிக்கை நனைந்திருந்ததைப் பார்த்தேன். மாலையில் பலகையில் முடிவை எழுதினேன்.

புதன்கிழமை அவள் மடி கனத்து வந்தது. அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கிய புளியங்கொட்டை. சங்கு ஊதியதும் அதைத் தன் வரிசைக் கூடையில் கொட்டிவிட்டு, "எம் பங்கு வந்துட்சு," என்று சொல்லிப் போய்வந்தாள். பவுனம்மாள் கண்ணைச் சிமிட்டினாள். அன்று சுவர் வரிசைக்கு வெற்றி. ரகசியம் எத்தனை நாள் நிற்கும்? சனிக்கிழமைக்குள் இருபது மடிகளும் கனத்துவிட்டன. குப்பத்தில் எந்த வீட்டிலும் தாயம் உருட்டக் கொட்டை இல்லை. அந்த வாரம் நாங்கள் உடைத்த புளி ஆறு மூட்டை. சேர்ந்த கொட்டை ஏழு மூட்டை.

"பாத்தியளா தங்கச்சி! உற்சாகம் வந்தா மனுசனால முடியாதது உண்டா?" என்றார் வெள்ளத்துரை.

திங்கட்கிழமை அவர் குவியலில் கைவிட்டு அளைந்தபோது ஒரு கொட்டை அகப்பட்டது. ஒரு பக்கம் கறுப்பு, மறு பக்கம் வெள்ளை. தாயத்துக்காகத் தரையில் தேய்த்தது. புளிக்குள்ளிருந்து அப்படி வராது. அவருக்கே தெரிந்துவிட்டது.

கோபித்தாரா? பந்தயக்காரருக்குக் கோபம் வராது, புதுப் பந்தயம்தான் வரும். "எதிர் வரிசைக்காரி மடியில கள்ளக் கொட்டை கண்டுபிடிச்சா பத்துப் படி கூடுதல்!" என்றார்.

மறுநாள் வாசலில் கன்னியம்மாவின் மடியை உதறிப் பார்த்தவள் மலர்க்கொடி. இருவரும் ஒரே கூடையில் மீன் விற்று வளர்ந்தவர்கள். மடி வெறுமையாக இருந்தது. பத்து மணிக்குச் சங்கு ஊதியது. "குந்து," என்றாள் பவுனம்மாள்.

சிரித்தீர்களா? சிரியுங்கள். ஆனால் எதிர்வீட்டு ஈரத்துணி கொடிக்கு வருமுன் உங்கள் துணி காய்ந்துவிட வேண்டுமென்று நீங்கள் வேகமாகப் பிழிந்ததே இல்லையா? இதை வீட்டில் இரண்டு பேர் படித்தால், முதலில் முடித்தவர் மற்றவரைப் பார்ப்பீர்களே, அந்தப் பார்வை என்ன பார்வை? என்னையும் விட்டுவிட வேண்டாம். ஜெயித்த வரிசையின் பெயரைச் சிவப்புச் சுண்ணக்கட்டியால் எழுதும்படி எனக்கு யாரும் சொல்லவில்லை.

புதன்கிழமை கன்னியம்மா மற்றவர்கள் வருவதற்கு முன்பே வந்து என் மேசையருகே நின்றாள். பேசிவிட்டுப் போய் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். நான் எழுந்துபோய்ப் பலகையில் அன்றைய முடிவை எழுதினேன். வெள்ளைக் கட்டியால்.

வெள்ளத்துரை கடிகாரமும் கையுமாக ஓடிவந்தார். "என்ன தங்கச்சி, இன்னும் தொடங்கவே இல்ல, அதுக்குள்ள எழுதிட்டிய?"

கன்னியம்மா கேட்டதை அவள் கேட்டபடியே அவரிடம் சொன்னேன்:

"யம்மா, சொவத்து வரிசை தோத்துப்பூட்ச்சுனு இப்பவே எழுதிடு. வெத்தலய நானே மடிச்சுக் குடுத்துடறேன். சங்கு ஊதுனதும் நான் போயி புள்ளைக்குப் பால் குடுத்துட்டு வந்துடறேன்."