கறுப்புப் பெட்டிகள்மேல் காமாட்சி விளக்கு

உலு திராம்,
செவ்வாய்க்கிழமை காலை.

அன்பிற்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை ரூபேந்திரன் அவர்களுக்கு,

மாமனார் சபாபதி ஆசி கூறி எழுதுவது. இங்கு நானும் உங்கள் அத்தையும் ஆண்டவன் புண்ணியத்தில் சுகம். அங்கு நீங்களும் என் மகள் ரூபினியும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மண்டபத்துக் கணினி மட்டும் சுகமில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். எப்போது அழைத்தாலும் காரில் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறீர்கள், பக்கத்தில் ரூபினி உட்கார்ந்திருக்கிறாள். வாட்ஸ்அப் அனுப்பினால் உங்களுக்கு முன்னால் அவள்தான் படிக்கிறாள். அவளுக்குத் தெரிந்தால் அடுத்த நிமிடமே அவள் அம்மாவுக்குத் தெரிந்துவிடும், அப்புறம் இந்த வீட்டில் நான் சோறு தின்ன முடியாது. அதனால்தான் தினமும் மோட்டார் சைக்கிளில் உங்கள் சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்து போகும் பக்கத்து வீட்டுத் தீபனிடம் கொடுத்து அனுப்புகிறேன். படித்ததும் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

போன வருடம் நீங்கள் வந்து நம் கல்யாண மண்டபத்து முன்பதிவுகளை எல்லாம் கணினியில் ஏற்றிக் கொடுத்தீர்கள். "மாமா, ஒரே இடத்துல வச்சா ஒரு நாளைக்கு மொத்தமா போயிடும். கம்ப்யூட்டர்ல ஒன்னு இருக்கட்டும். இந்தக் கறுப்புப் பெட்டி ஆபீஸ்ல, அந்தக் கறுப்புப் பெட்டி வீட்டுல. அதுக்கும் மேல கிளவுட்ல ஒன்னு" என்று சொன்னீர்கள். நான் அதை ஒரு நாளும் மீறியதில்லை, மாப்பிள்ளை. வாரா வாரம் பெட்டிகளை மாற்றி மாற்றி வைத்தேன். ஆயுத பூஜை அன்று ஒரு நாள், ஒரே ஒரு நாள்தான், இரண்டையும் சேர்த்து வைத்தேன். பூஜை என்றால் ஆபீஸ் ஆயுதம் அத்தனையும் ஒன்றாக இருக்க வேண்டாமா? ஒரு பெட்டிக்குப் பூஜை போட்டு, அதன் கூடப்பிறந்ததை வீட்டு அலமாரியில் பூட்டி வைக்க எனக்கு மனம் வரவில்லை. அதையும் எடுத்து வந்தேன்.

உங்கள் அத்தை அப்போதே சொன்னார். "இந்தாங்க, மிஷினுக்கெல்லாம் பன்னீர் தெளிக்காதீங்க. பொட்டு வச்சாப் போதும்" என்றார். நான் கேட்டேனா? கணினிக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, பன்னீர்ச் செம்பை எடுத்து நாலு பக்கமும் தாராளமாகத் தெளித்தேன். நான் ஆபீசில் உட்காரும் சுழல் நாற்காலியின் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினேன். கறுப்புப் பெட்டிகள் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியபோது காமாட்சி விளக்கு வைக்க அளவெடுத்துச் செய்த மேடை மாதிரி இருந்தது. வைத்தேன். எண்ணெயையும் நிறைய ஊற்றினேன். பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் காலை வரைக்கும் யாரும் தொடக்கூடாது இல்லையா, யாரும் தொடவில்லை. விளக்கு பாட்டுக்கு எரிந்தது, எண்ணெய் பாட்டுக்கு இறங்கியது.

மறுநாள் விஜயதசமி. நல்ல நேரம் பார்த்துக் கணினியைப் போட்டேன். பட்டென்று ஒரு சத்தம், பின்னால் கொஞ்சம் புகை, புகையிலும் பன்னீர் வாசனை. சரி, பெட்டிகள் இருக்கின்றனவே என்று தூக்கினால் இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒன்றாக வருகின்றன. மேல் பெட்டி உருகிக் குழிந்திருக்கிறது, கீழ்ப் பெட்டியைச் சாய்த்தால் எண்ணெய் சொட்டுகிறது. பழுது பார்க்கும் யுகேந்திரனிடம் ஓடினேன். அவன் மூக்கருகே வைத்து முகர்ந்து பார்த்துவிட்டு, "அலமாக் அங்கிள்! ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டாரச் சொன்னா பலகாரம் பொரிச்சுக் கொண்டாந்திருக்கீங்களே லா!" என்கிறான். கடையில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். திறந்து பார்க்கிறேன், ஆனால் நம்ப வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டான்.

கிளவுட் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அது ஆறு மாதத்துக்கு முன்பே நிறைந்துவிட்டதாம், மாப்பிள்ளை. இடம் இல்லை, இடம் இல்லை என்று எனக்குத் தினமும் செய்தி அனுப்பியிருக்கிறது. வேண்டாத செய்தி வந்தால் தொடாதீங்க மாமா, ஏமாத்துக்காரனா இருப்பான் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? நான் தொடவில்லை. உங்கள் அத்தையின் போனும் அதே கணக்கில் இருக்கிறதாம். அவருக்குக் காலையும் மாலையும் வரும் காலை வணக்க ரோஜாப்பூப் படங்கள் மொத்தமும் அங்கே பத்திரமாக இருக்கின்றன. மண்டபத்து முன்பதிவு ஒன்றுகூட இல்லை. இதை நான் யாரிடம் போய்ச் சொல்லி அழுவேன்?

எல்லாம் தெரிந்தவள் ஆபீசில் முன்பதிவு எழுதும் நம் கிராணி வாசுகி. அவளோ பிரசவத்துக்குப் பாலோ ஊரில் தாய்வீட்டில் இருக்கிறாள், ஆண் குழந்தை. அழைத்தால் அவள் அம்மா பேச்சியம்மாள்தான் எடுக்கிறார். "பச்ச உடம்புக்காரிங்க, போனப் பாத்தா கண்ணு கெட்டுப் போகும். முப்பது நாள் கழியட்டும், பேசலாம்" என்று வைத்துவிடுகிறார். நான் வாழ்த்துச் சொல்லக்கூட விடவில்லை.

வேறு வழியில்லாமல் ஊரையே நானாக அழைத்தேன். சமையல்காரர், பூக்கடை, மேளம், வீடியோக்காரர் என்று ஒவ்வொருவரிடமும் நைசாக, "என்ன, நம்ம மண்டபத்துல அடுத்து எப்ப வேல?" என்று கேட்டுக் கேட்டு, தை மாதம் வரைக்கும் உள்ள கல்யாணங்களை எல்லாம் பிடித்துவிட்டேன். ஒரே ஒரு நாள்தான் பிடிபடவில்லை. தீபாவளி கழித்து வரும் முதல் ஞாயிறு. அன்றைக்கு யாரோ பதிந்திருக்கிறார்கள், அது மட்டும் நிச்சயம். "அந்த ஞாயிறு போயாச்சுங்கய்யா" என்று வாசுகி ஒருநாள் சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது நினைவிருக்கிறது. யார் என்றுதான் தெரியவில்லை. நினைத்துப் பாருங்கள், ஒரு பெண்ணும் மாப்பிள்ளையும் சொந்தபந்தத்தோடு வாசலில் வந்து நிற்கிறார்கள், மண்டபம் பூட்டிக் கிடக்கிறது! எனக்குத் தூக்கம் இல்லை. எத்தனையோ குடும்பத்துக்கு நல்லது நடந்த இடம் இது, ஒரு பெண்ணின் கல்யாணம் என்னால் தெருவில் நின்றது என்ற பேச்சு வந்தால் நான் இந்த ஊரில் எப்படி நடமாடுவேன்?

சமையல்காரர் ரொனால்டைக் கேட்டேன். "அண்ணே, அன்னைக்கு எனக்கு வேல இருக்கு. எங்கன்னு மட்டும் கேக்காதீங்க" என்றார். அதோடு விட்டாரா, "அது போகட்டும், உங்களுக்கு சுகர் எப்படி இருக்கு? பாயாசம் சாப்பிடலாமா?" என்கிறார். என் கவலை எனக்கு, இவருக்குப் பாயாசம்! மேளக்காரர் ஐயாசாமி, "உங்ககிட்ட சொன்னா என்னைக் கொன்னுடுவாங்க" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார். எனக்கு உடனே புரிந்துவிட்டது. அந்த ஞாயிற்றுக்காரர்கள் நம்மை விட்டுவிட்டு, கண்ணாடி விளக்கெல்லாம் தொங்குகிற புது மண்டபத்துக்குப் போய்விட்டார்கள். என் முகத்துக்கு நேரே சொல்ல எல்லோருக்கும் சங்கடம். போகட்டும், நன்றாக இருக்கட்டும்.

வீட்டிலும் எனக்கு அமைதி இல்லை. தீபாவளிச் சேலை எடுத்தாகிவிட்டது, ஆனால் உங்கள் அத்தை தினமும் கடைக்குப் போய் இன்னொரு பட்டுச்சேலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறார். எதற்கு என்று கேட்டால், "சும்மாதான்" என்கிறார். வருகிற மாதம் எனக்கு அறுபது நிறைகிறது, உங்களுக்குத் தெரியும். அறுபதாம் கல்யாணமெல்லாம் வேண்டாம் என்று ரூபினியிடம் நான்தான் சொன்னேன். அவளும் "சரிப்பா" என்று அத்தோடு விட்டுவிட்டாள். மனதில் வைக்காமல் சொல்கிறேன், இரண்டாவது தடவை கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. ஊரில் எல்லாருக்கும் மாலை எடுத்துக் கொடுக்கிறவன் நான், என் கழுத்துக்கு மாலை வேண்டுமா என்று யாரும் இரண்டு தடவை கேட்கவில்லை. அது கிடக்கட்டும்.

கடவுளாகப் பார்த்து நேற்று ஒரு வழி காட்டினார். நம் ஊர்த் திருமதி டொரத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். மகள் அபிகெயிலின் கல்யாண விருந்துக்கு அவர்கள் எடுத்திருந்த இடத்தில் கூரை ஒழுகி மேடையெல்லாம் தண்ணீராம். "தீபாவளி கழிச்சு வர்ற ஞாயித்துக்கிழமை உங்க இடம் காலியா இருக்குமா, பிரதர்?" என்று கேட்டார். நான் இரண்டாவது தடவை யோசிக்கவில்லை. காலையிலிருந்து இரவு வரைக்கும் உங்களுக்குத்தான் என்று கை கொடுத்துவிட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் நெஞ்சு லேசானது. ஆக, எல்லாம் நல்லபடி முடிந்தது. நீங்கள் செய்ய வேண்டியதெல்லாம் ஒன்றுதான். தீபாவளிக்கு வரும்போது புதுப் பெட்டிகள் இரண்டு வாங்கிக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் என் கையில் கொடுங்கள்.

நீங்களும் ரூபினியும் நோய்நொடி இல்லாமல், எடுத்த காரியமெல்லாம் கைகூடி, நீடூழி வாழ எல்லாம் வல்ல முருகனை வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்,
சபாபதி.

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குப் பசை கேட்டேன். பசையோடு வந்த உங்கள் அத்தை கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டார். படித்துவிட்டுத் தலையில் தலையில் அடித்துக்கொண்டார். "ஊரு பூரா கேட்டீங்களே, என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? அந்த ஞாயிறு நமக்குத்தாங்க! உங்க மகளும் மாப்பிள்ளையும் வாசுகிகிட்ட சொல்லி, உங்களுக்குத் தெரியாம பதிஞ்சு வச்ச அறுபதாம் கல்யாணம்ங்க! அதத் தூக்கி டொரத்திகிட்ட குடுத்துட்டு வந்து நிக்கிறீங்களே!" என்றார். மாப்பிள்ளை, கடிதத்தை அப்படியே போட்டேன். சட்டையை மாற்றிக்கொண்டு நேராகத் திருமதி டொரத்தி வீட்டுக்குப் போனேன். அவர் கேட்டுவிட்டுச் சிரித்துச் சிரித்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். காலையில் நாங்கள், மாலையில் அபிகெயில். வாழைமரத்தை அவிழ்க்காமல் விட வேண்டும், நாங்கள் எல்லோரும் இரவு விருந்துக்கு இருந்து சாப்பிட்டுத்தான் போக வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது.

ஆகவே மேலே எழுதியதில் புதுப் பெட்டியைத் தவிர எல்லாவற்றையும் மறந்துவிடுங்கள். எனக்குத் தெரியும் என்று ரூபினிக்கு மட்டும் தெரிய வேண்டாம். அன்றைக்கு மண்டபத்துக்குள் நுழைந்ததும் திகைத்து நிற்கக் கண்ணாடி முன்னால் பழகிக்கொண்டிருக்கிறேன். உங்கள் அத்தைக்கு இன்னும் திருப்தியில்லை. இரண்டாவது தடவை கேட்கவில்லை என்று மேலே ஒரு வரி எழுதினேன் பாருங்கள், அதை அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இருக்கட்டும் விடுங்க. இதுவரைக்கும் நீங்க அழிச்சது போதும்."