நூற்று நான்கு மில்லிமீட்டர்

வானிலை அறிக்கை பொய் சொல்லும் என்று நம் நாட்டில் ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. இதைத் திருத்துவது என் கடமை. அறிக்கை ஒருபோதும் பொய் சொன்னதில்லை. 'சில இடங்களில்' மழை பெய்யும் என்றுதான் அது சொல்கிறது. உங்கள் தலையில் பெய்யவில்லையென்றால், நீங்கள் அந்தச் சில இடங்களில் இல்லை. அவ்வளவுதான்.

இதை என் மனைவி சுந்தரம்மாவுக்கு முப்பது வருடமாக விளக்கி வருகிறேன்.

சென்ற வியாழக்கிழமை அறிக்கை பிரமாதமாக இருந்தது. மேற்கே ஆறுகள் பெருகலாம். மலைநாட்டில் இடியுடன் நூறு மில்லிமீட்டர் வரை பெய்யலாம். வறண்ட பகுதிகளில் வெப்பம் கவனிக்க வேண்டிய அளவில் இருக்கும். எங்கள் மாவட்டம் எதையும் விட்டுவைக்கவில்லை: இரத்தோட்டையில் இருக்கும் எங்களுக்கு மழை, கலேவெலயில் இருக்கும் மைத்துனன் சசிக்குமாருக்கு வெயில்.

சனிக்கிழமை நாங்கள் சசிக்குமார் வீட்டுக்குப் போவதாக இருந்தது. அவன் மகள் ஹம்சிகாவின் பூப்புச் சடங்கு வீடியோ வந்துவிட்டதாம். நாலு மணித்தியாலம். தகரக்கூரை வீடு. அதே நாளில் டிவியில் கிரிக்கெட் மேட்ச்.

முதலில் வெப்பத்தைக் கையில் எடுத்தேன். அறிக்கையை உரக்க வாசித்தேன்.

"சசி அங்கதானே இருக்கான்? உருகியா போயிட்டான்?" என்றாள் சுந்தரம்மா.

ஆகவே மழையிடம் போனேன். எங்கள் வீடு சரிவுக்குக் கீழே இருக்கிறது. அதனால் முற்றத்தில் ஒரு மழைமானி வைத்துத் தினமும் காலையில் அளக்கிறேன். நூற்றைத் தாண்டினால் மலைப்பாதையில் பயணம் ஆபத்து என்று யாருக்கும் தெரியும். சனிக்கிழமை விடிந்ததும் போய்ப் பார்த்தேன். எட்டு மில்லிமீட்டர். முந்தின மாலை வெறும் தூறல். நாங்கள் அந்தச் சில இடங்களில் இல்லை.

சமையலறை மேசையில் ஒரு ஜக் தண்ணீர் இருந்தது. அரையிருட்டில் அதை எடுத்துக்கொண்டு போய் ஊற்றினேன். அடக்கமாகத்தான் ஊற்றினேன்.

"நூத்தி நாலு," என்று கவலையான முகத்துடன் உள்ளே வந்தேன். "இன்னைக்கு எங்கயும் போக ஏலாது."

சுந்தரம்மா அடுப்பை அணைத்தாள். கதவில் ஒட்டியிருந்த தாளுக்கு முன்னால் போய் நின்றாள். போன வருடம் மண் சரிந்தபோது நான் எழுதி ஒட்டிய வீட்டு விதிகள் அவை. எழுதியவனே மறந்துபோனவை. நிறுத்தி நிதானமாக வாசித்தாள்:

"நூறு மில்லிமீட்டர் தாண்டினால் அரை மணித்தியாலத்தில் வீட்டை விட்டு வெளியேற வேண்டும். மூன்று நாள் கழித்தே திரும்ப வேண்டும். ஒங்க கையெழுத்துதானேங்க?"

என் கையெழுத்துதான். அடியில் கோடு கூடப் போட்டிருந்தேன்.

மழைமானியில் சிறு பிழை இருக்கலாம் என்றேன். முப்பது வருடமாக ஒரு பிழையும் விடாத மனுஷன் நான் என்று அவள் எனக்கே எடுத்துச் சொன்னாள். மழை பெய்யாத உறவுக்காரர் வீடு ஒன்றுதான் இருந்தது. அது கலேவெலயில் இருந்தது.

பயணத்துக்கென்று முன்பே சொல்லி வைத்திருந்த இருளாண்டியின் ஆட்டோ வாசலில் வந்து நின்றது. கட்டியிருந்த பையை எட்டிப் பார்த்தேன். நான் உடுத்தும் சாரம் மூன்று உள்ளே இருந்தன.

"ரோடு எப்பிடிப்பா?" என்று இருளாண்டியைக் கேட்டேன். கடைசி நம்பிக்கை.

"காஞ்சு கெடக்குங்க ஐயா. நேத்து தூறல்தானே?"

"நீங்க சும்மா இருங்க இருளாண்டி," என்றாள் சுந்தரம்மா. "ஐயா அளந்து சொன்னா சரியாத்தான் இருக்கும்."

ஆட்டோ கிளம்பியதும் ஒரு போத்தலை என் கையில் கொடுத்தாள். பாதிதான் இருந்தது.

"குடிங்க. ஒங்க சளிக்குன்னு ராத்திரி அவிச்சு வச்ச கொத்தமல்லித் தண்ணி. ஜக்குல மிச்சம் இவ்வளவுதான் இருந்திச்சு."

கலேவெலயில் முப்பத்தாறு பாகை வெப்பம். வீடியோவை மூன்று தடவை பார்த்தோம்.