ஊர்க்காலும் கடல்காலும்

தூத்துக்குடி
28-8-1973

அன்பும் மரியாதையும் மிகுந்த அத்தான் சிவசுப்பிரமணியன் அவர்களுக்கு,

தங்கள் தங்கை வடிவம்மாளைக் கட்டிய வீரபாகு பணிவுடன் எழுதிக்கொண்டது. இங்கு உடம்பளவில் மூவரும் சுகம். மனசு எப்படி இருக்கிறது என்பதைக் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன். அங்கு அக்கா, பிள்ளைகள், கடை, கடையிலுள்ள பருத்திக்கொட்டை, புண்ணாக்கு எல்லாம் ஒரு குறையுமில்லாமல் இருக்கும் என்று நம்புகிறேன்.

தாங்கள் போட்ட கார்டு கிடைத்தது. கார்டு என்பதால் எனக்கு முன்னால் தபால்காரருக்கும் எதிர்வீட்டுக்காரருக்கும் கிடைத்துவிட்டது. வயசுக்கு வந்த பிள்ளை நடுரோட்டில் மேளம் அடித்துக்கொண்டு போவதும், பெற்ற தகப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவள் பின்னால் ஆடிக்கொண்டு போவதும் நம் குடும்பத்தில் உண்டா என்று கேட்டிருந்தீர்கள். செண்பகம் அந்த மேளத்தைக் கழற்றி வைக்கிற வரை எங்கள் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்றும் எழுதியிருந்தீர்கள். வடிவு அதைப் படித்தாள். படித்த கையோடு பிள்ளையின் வெள்ளைக் கேன்வாஸ் ஷூவை டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். ஷூ இல்லாமல் பேண்டு வாத்தியக் குழுவில் நிற்க விடமாட்டார்கள். "அண்ணன் சரின்னு ஒரு வரி எழுதட்டும், தொறக்கேன்" என்கிறாள். பேண்டு மாஸ்டர் பர்னபாஸ் வெள்ளிக்கிழமை வரை பார்ப்பாராம். அதற்கு மேல் பெரிய டிரம்மை வேறு பிள்ளை தோளில் மாட்டிவிடுவாராம். அந்த ஒரு வரியைக் கேட்டுத்தான், அத்தான், இந்த நாலு பக்கம்.

முத்தையாபுரத்துத் தனராஜ் தங்களிடம் வந்து சொன்னதில் பாதி நிஜம். டிரம் உருண்டுபோய்க் கடலில் விழுந்தது என்பது அவன் சொந்தச் சரக்கு. மற்றபடி நடந்ததற்கெல்லாம் காரணம் பிள்ளை இல்லை, நான்தான். எப்படி என்று சொல்லுகிறேன். செண்பகத்துக்கு லெஃப்ட் எது, ரைட் எது என்று சட்டென்று வராது. சாப்பிடுகிற கை எது என்று நினைத்துப் பார்த்துத்தான் சொல்லுவாள், அதற்குள் மற்றவர்கள் நாலடி போயிருப்பார்கள். பர்னபாஸ் மாஸ்டர் மாதா கோயில் பேண்டில் முப்பது வருஷம் கிளாரினெட் வாசித்தவர், தங்கமான மனுசன், அவரே தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிள்ளை வீட்டுக்கு வந்து சோறு வேண்டாம் என்று படுத்துக்கொண்டாள். என் மனசு கேட்கவில்லை. தங்களுக்குத்தான் தெரியுமே, நான் தோணிக்காரர்களுக்குக் கயிறும் தார்ப்பாயும் விற்கிறவன், எங்கள் கடையில் வலது இடது கிடையாது, கடல்பக்கத்து அலமாரி, ஊர்ப்பக்கத்து அலமாரி, அவ்வளவுதான். போன வருஷம் தாங்கள் வந்திருந்தபோது, செம்பு கடல்பக்கம் இருக்கிறது என்று வடிவு சொன்னதைக் கேட்டுத் தாங்கள் பீச் ரோடு வரைக்கும் தேடிப் போனது நினைவிருக்கும். அந்தப் புத்திதான் எனக்கு. சாயங்காலம் பிள்ளையைப் பீச் ரோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் வடக்கே பார்த்து நடக்கவிட்டு, இந்தா, கடலைப் பார்த்த கால் கடல்கால், ஊரைப் பார்த்த கால் ஊர்க்கால், மாஸ்டர் லெஃப்ட் என்றால் ஊர்க்கால், அது தரையில் படும்போது டிரம்மில் ஒரு அடி போடு என்று சொல்லிக்கொடுத்தேன். நாலே நாளில் பிடித்துக்கொண்டாள். அவள் மற்ற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க, ஒரு வாரத்தில் இருபத்துநாலு பிள்ளைகளும் ஒரே ஆள் நடக்கிற மாதிரி நடந்தார்கள். மாஸ்டரே லெஃப்ட் ரைட்டை விட்டுவிட்டு "ஊர்க்கால், கடல்கால்" என்று கூவ ஆரம்பித்தார். நான் பெரிய மேதை என்று நினைத்துக்கொண்டேன்.

பிள்ளைகள் பழகுகிறபோது எப்போதும் தெற்கிலிருந்து வடக்கே போவார்கள், திரும்பி வரும்போது கலைந்து கடலை தின்றுகொண்டு வருவார்கள். இதில் ஒரு வினை இருக்கிறது என்று எந்தப் புத்திசாலிக்கும் தோன்றவில்லை. சுதந்திர தினத்தன்று நல்ல கூட்டம். நான் கடையை அடைத்துவிட்டுப் போய் முன்வரிசையில் நின்றேன். பேண்டு வடக்கே பார்த்து ஜோராக வந்துகொண்டிருக்கும்போது, கொடியேற்ற வேண்டிய விருந்தாளியின் ஜீப் தெற்கே டயர் பஞ்சராகி நிற்கிறது, நீங்கள் திரும்பிப்போய் அழைத்து வாருங்கள் என்று ஒரு ஆள் வந்து சொன்னார். மாஸ்டர் "அபௌட் டர்ன்" என்றார். எல்லோரும் அழகாகத் திரும்பினார்கள். அப்புறம் அவர் பழக்கதோஷத்தில் "ஊர்க்கால்" என்றார். அத்தான், வடக்கே போனால் கடல் வலப்பக்கம், தெற்கே போனால் இடப்பக்கம். பாதிப் பிள்ளைகள் பழைய ஊர்க்காலை எடுத்து வைத்தார்கள், பாதிப் பிள்ளைகள் ஊர் எங்கே இருக்கிறது என்று பார்த்துப் புது ஊர்க்காலை எடுத்து வைத்தார்கள். குழல் வாசிக்கிற பிள்ளை குதிகாலை ஜால்ராக்காரி மிதிக்க, அவள் குதிகாலை இன்னொருத்தி மிதிக்க, ரோட்டில் பதினோரு வெள்ளை ஷூ அனாதையாகக் கிடந்தன. என்னால் சும்மா நிற்க முடியுமா? பெற்ற வயிறு என்று சொல்ல முடியாவிட்டாலும் சொல்லிக்கொடுத்த வாய் ஆயிற்றே. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுவில் ஓடி, "பிள்ளையளா, கடல் மாறிப்போச்சு" என்று கத்தினேன். அதைக் கேட்டதும் அதுவரை சரியாக நடந்துகொண்டிருந்தவர்களும் காலை மாற்றிக்கொண்டார்கள்.

அந்த நேரத்தில் தங்கள் மருமகள் என்ன செய்தாள் தெரியுமா? பெரிய டிரம் மாட்டியவளுக்குத் தன் காலே தெரியாது. அவள் அடிப்பதை நிறுத்தினாள். மாஸ்டர் வாய் திறக்கும் முன்னால் "மார்க் டைம்" என்று ஒரு குரல் கொடுத்தாள். நின்ற இடத்திலேயே காலைத் தூக்கித் தூக்கி வைப்பதற்கு அப்படிப் பெயர். பிறகு ஒரே ஒரு அடி. "ஏளா, ஊரையும் பாக்காதிய, கடலையும் பாக்காதிய. இந்தச் சத்தந்தான் ஊர்க்கால்" என்றாள். ஒவ்வோர் அடிக்கும் இரண்டு பேர், மூன்று பேர் என்று வந்து சேர்ந்தார்கள். ஒற்றை ஷூவோடு நின்ற பிள்ளைகள் குனியவில்லை, ஒற்றை ஷூவோடேயே நடந்தார்கள். ஜீப் நின்ற இடம் வரை பேண்டு பிசகில்லாமல் போனது, நான் கைநிறைய ஷூக்களை அள்ளிக்கொண்டு பின்னால் போனேன். என் காலும் அந்த அடிக்கே விழுந்ததை நான் பிறகுதான் கவனித்தேன். தனராஜ் ஆட்டம் என்று சொன்னது அதைத்தான். எனக்குக் கண் கலங்கியிருந்தது, அதை அவன் சொல்லவில்லை போலும்.

நாற்பத்தாறு வயசில் ஒரு பெண்பிள்ளைகள் பேண்டின் பின்னால் நடந்து எனக்குச் சில விஷயம் புரிந்தது. கடல் எங்கேயும் மாறவில்லை, திரும்பினது நாம்தான், பழியைக் கடல்மேல் போட்டேன். கத்திச் சொன்னால் சரியாக இருப்பவனும் கெட்டுப்போகிறான். மார்க் டைம் இருக்கிறதே, அதை நான் பதினெட்டு வருஷமாக வடிவிடம் செய்துகொண்டிருக்கிறேன், பெயர்தான் தெரியாமல் இருந்தது. முன்னே போக முடியாத நேரத்தில் காலை மட்டும் நிறுத்தாமல் இருந்தால், வழி விடும்போது எல்லோரோடும் சேர்ந்து கிளம்பிவிடலாம். கடையில் சரக்கு ஓடாத மாதத்தில் இதை நினைத்துக்கொள்கிறேன், மனசு லேசாகிறது.

பிள்ளை இப்போது அழுவதும் இல்லை, சண்டை போடுவதும் இல்லை. மண்ணெண்ணெய் டின்னைத் தொடும்போது மட்டும் விரல் இரண்டு தட்டு தட்டிவிட்டு நின்றுவிடுகிறது. நேற்றுக் கடைக்கு வந்து கயிற்றுக்கட்டின் மேல் உட்கார்ந்துகொண்டு, "அப்பா, மாமா கோவப்படுதது சரிதான். ஆனா அந்தச் சத்தம் இல்லன்னா இருவத்துமூணு பிள்ளையளுக்கும் காலு தெரியாதுப்பா" என்றாள். இதற்குப் பதில் தங்களுக்குத் தெரிந்தால் அதையாவது எழுதுங்கள். இல்லையென்றால் சரி என்று இரண்டே எழுத்தில் அடங்குகிற அந்த வரியை எழுதுங்கள். கார்டிலேயே எழுதலாம், எதிர்வீட்டுக்காரரும் சந்தோஷப்படுவார்.

அக்காவுக்கு என் வணக்கம். அங்குள்ள பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி. திருச்செந்தூரான் தங்கள் கோபத்தைத் தணித்து, கடையை மட்டும் சூடாக வைத்திருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் அன்புக்குக் கட்டுப்பட்ட மைத்துனன்,
ச. வீரபாகு

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை எடுக்க வீட்டுக்குள் போனேன். டிரங்குப் பெட்டி திறந்து கிடக்கிறது. வடிவு ஷூவைக் கழுவிச் சாக்பீஸ் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். அண்ணன் வரி வரவில்லையே என்றேன். "அண்ணன் எழுதும்போது எழுதட்டும். ஷூ காயணும்லா" என்கிறாள். ஆகவே தாங்கள் வரி எழுத வேண்டாம். பெட்டி திறந்த காரணம் இதுதான்: வருகிற சனிக்கிழமை உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் புதுக் கட்டடம் திறக்கிறார்களாம், அதற்கு இந்தப் பேண்டையே கூப்பிட்டிருக்கிறார்கள், மெயின் ரோட்டில் தங்கள் கடை வழியாகத்தான் போகிறது. நான் மேலே எழுதிய ஞானம் எதுவும் பிள்ளைகளிடம் ஒட்டவில்லை. தங்கள் ஊர் கயத்தாற்றில் கடல் இல்லையே, காலை எப்படிக் கண்டுபிடிப்பது என்று எல்லோரும் பயந்திருக்கிறார்கள். செண்பகம் அதற்கும் வழி சொல்லிவிட்டாள், எங்க மாமா கடைதான் கடல் என்று. தாங்கள் எங்கள் வாசலை மிதிக்க வேண்டாம். தங்கள் கடை வாசலில் நின்றால் போதும். பேண்டு கடந்து போகிற வரை தயவுசெய்து எதிர்ப்பக்கம் மட்டும் போய்விடாதீர்கள்.