பாலம்மாள் அக்காவும் ரவுட்டர் பெட்டியும்

சிவகாசி,
புரட்டாசி மாதம், மழை வெறித்த செவ்வாய்க்கிழமை.

என் அருமை மாப்பிள்ளை மகேஷ்குமார் அவர்களுக்கு, மாமனார் முத்துக்கிருஷ்ணன் எழுதிக்கொள்வது. ஓசூரில் தாங்களும் மகள் இசைவாணியும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நானும் உங்கள் அத்தை முருகம்மாளும் உடம்பளவில் சுகம். மற்றபடி எப்படி இருக்கிறோம் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். போனும் அந்த ரவுட்டர் பெட்டி வழியாகத்தான் போகிறது என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். அந்தப் பெட்டியைப் பற்றி அந்தப் பெட்டியின் காதில் விழும்படி பேச எனக்குத் தைரியம் இல்லை. ஆகவே கூரியரில் அனுப்புகிறேன்.

சித்திரை விடுமுறைக்கு வந்தபோது தாங்கள் அந்தக் கறுப்பு ஹார்டு டிஸ்க்கை ரவுட்டரோடு மாட்டி, உங்கள் கல்யாணப் படங்களையெல்லாம் அதில் போட்டு, ஓசூரில் இருந்தாலும் சிவகாசியில் இருந்தாலும் எல்லோரும் ஒன்றாகப் பார்க்கலாம் என்றீர்கள். “வெளியேருந்து பாக்கணும்னா ரவுட்டர்ல போர்ட் திறக்கணும் மாமா. ஆனா நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம், டிஸ்க்கே கேட்டுக்கிடும், ரவுட்டரே திறந்து விட்ரும்” என்றீர்கள். போர்ட் என்றால் தூத்துக்குடியில் இருப்பது என்றுதான் ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் இருந்து ரிட்டயர் ஆகும்வரை நான் நினைத்திருந்தேன். நம் வீட்டு டிவி ஸ்டாண்டிலும் ஒன்று இருக்கிறது, அது யாரையும் கேட்காமல் தானாகத் திறந்துகொள்ளும் என்று கேட்டபோதே எழுந்துபோய் வாசல் கதவை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தேன். வாசல் கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள் போடுகிற மனுஷன் நான். ஆனாலும் மாப்பிள்ளை செய்ததை மாமனார் குறை சொல்லலாமா என்று வாயை மூடிக்கொண்டேன்.

போன மாதம் ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டு உங்கள் கல்யாணப் படங்களைப் பார்க்கலாமென்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். தாலி கட்டுகிற படத்துக்கு அடுத்து, நான் எடுக்காத, நீங்கள் எடுக்காத, யாருமே எடுத்திருக்க முடியாத ஒரு படம் இருந்தது. ஒரு அறை. மேலே மூலையில் பல்லி உட்கார்ந்து எடுத்தது போல ஒரு கோணம். சுண்ணாம்புச் சுவர், ஒரு பச்சை பிளாஸ்டிக் நாற்காலி, ஆள் இல்லை. தெரியாமல் வந்திருக்கும் என்று அழித்தேன். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் அதே அறை, புதுப் படம். இந்தத் தடவை நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முகம் மங்கல். அடுத்த படத்தில் நாற்காலி கொஞ்சம் முன்னால் வந்திருந்தது. அதற்கடுத்த படத்தில் அவள் நிமிர்ந்து நேராக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், மாப்பிள்ளை. வாய் திறந்திருந்தது. ஆட்காட்டி விரல் என்னை நோக்கி நீண்டிருந்தது.

நான் போட்ட சத்தத்தில் உங்கள் அத்தை அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள். வந்தவள் படத்தைப் பார்த்தாள், மாராப்பை இழுத்துச் சொருகிக்கொண்டாள், “பாலம்மா மதினி” என்றாள். என் அக்கா பாலம்மாளைத் தாங்கள் பார்த்ததில்லை. உங்கள் கல்யாணத்துக்கு முந்தின வருஷமே மஞ்சள்காமாலையில் போய்விட்டாள். அதே தூக்கிப் போட்ட கொண்டை, அதே ஒரு பக்கம் சாய்ந்த உட்கார்வு. எனக்கும் அக்காவாகவே தெரிந்தது. “எதுக்கு வந்திருக்காகன்னு எனக்குத் தெரியும்” என்றாள் உங்கள் அத்தை. “அந்தப் பித்தளை அண்டா. சாகுமுட்டும் கேட்டாக, நான் குடுக்கல.” அன்றைக்கே பரணிலிருந்து அண்டாவை இறக்கி, புளி போட்டுத் தேய்த்து, கம்ப்யூட்டருக்கு முன்னால் வைத்து, சூடம் காட்டினாள். புகையில் கம்ப்யூட்டரின் ஒரு ஓரம் கறுத்துவிட்டது, அதைத் தாங்கள் கண்டுகொள்ள வேண்டாம்.

அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் தவறாமல் வந்தாள். ஒரு நாள் கையில் தட்டோடு. ஒரு நாள் புடவை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. பெரும்பாலும் விரலை நீட்டித் திட்டிக்கொண்டு. சத்தம் கிடையாது, வெறும் படம். சத்தமில்லாமல் ஒருத்தி தினமும் உங்களைத் திட்டினால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். என்ன சொல்கிறாள் என்று தெரியாததால் நான் செய்த எல்லாத் தப்புகளுக்கும் சேர்த்துப் பயந்துகொண்டிருந்தேன். இரண்டு தடவை ரவுட்டரின் ஒயரைப் பிடுங்கினேன். ஒயரை மாட்டிய மறு நிமிஷம் விட்ட இடத்திலிருந்து வந்தாள். விஷயம் எப்படியோ வெளியே கசிந்து, பக்கத்து வீட்டுச் செல்வலட்சுமி தன் மகனுக்கு எப்போது பெண் அமையும் என்று அக்காவிடம் கேட்டுச் சொல்லும்படி வெற்றிலை பாக்கோடு வந்தாள். அன்றைய படத்தில் அக்கா கையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். செல்வலட்சுமி அழுதுகொண்டே போனாள்.

சிரிக்காதீர்கள் மாப்பிள்ளை. இனிமேல்தான் விஷயம்.

போன வியாழக்கிழமை. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு நானும் அத்தையும் வழக்கம்போல உட்கார்ந்தோம். படம் வந்தது. நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. ஆளைக் காணோம். படத்தின் கீழ் ஓரத்தில் ஒரே ஒரு பாதம், உள்ளங்கால் தெரிகிற மாதிரி. கொஞ்ச நேரத்தில் அடுத்த படம். அதே பாதம். அடுத்த படம். அதே பாதம், ஆனால் விரல்கள் மடங்கியிருந்தன. உங்கள் அத்தை மெதுவாகக் கேட்டாள்: “ஏங்க, செத்துப்போனவுக தடுக்கி விழுவாகளா?”

அந்த ஒரு கேள்வியில் எனக்கு அக்கா மறைந்துவிட்டாள். அது யாரோ. உயிரோடு இருக்கிற யாரோ. எங்கேயோ ஒரு வீட்டில் தரையில் கிடக்கிறாள், அதை உலகத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் பார்த்துக்கொண்டு சூடம் காட்டிக்கொண்டிருக்கிறோம்.

நம் தெருவுக்குக் கேபிளும் நெட்டும் கொடுக்கிற பாலகுருவைத் தாங்கள் அறிவீர்கள். போன் போட்டதும் பைக்கில் வந்தார். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அண்டாவைப் பார்த்தார். அண்டாவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, நல்ல மனுஷன். “அண்ணாச்சி, ஒங்க மருமகன் வெளியூர்லருந்து பாக்கணும்னு நெட்டுக்கு மாறாத நம்பர் ஒண்ணு கேட்டாகள்ல, அது புதுசு இல்ல. முன்னால தாயில்பட்டிப் பக்கம் ஒரு வீட்டுக்குக் குடுத்திருந்த நம்பர். அந்த வீட்டுப் பையன் முனியராஜ் மஸ்கட்ல இருக்கான். தனியா இருக்க ஆத்தாவப் பாக்கணும்னு கேமரா மாட்டினான். அப்புறம் வேற லைனுக்கு மாறிட்டான். கேமரா மட்டும் பழைய நம்பருக்கே படத்த அனுப்பிக்கிட்டு இருக்கு போல. ஒங்க பெட்டி வாசலத் தொறந்து போட்டிருக்கு, வந்தத வாங்கி வெச்சுக்கிட்டு இருக்கு” என்றார். சொல்லிக்கொண்டே பைக்கை உதைத்தார். நான் பின்னால் ஏறினேன். உங்கள் அத்தை ஆட்டோ பிடித்து வந்தாள். அண்டாவோடு வந்தாள் என்பதை நான் தாயில்பட்டியில் இறங்கித்தான் பார்த்தேன்.

சீசன் நேரம், மாப்பிள்ளை. தீபாவளி ஆர்டருக்கு எல்லோரும் பட்டாசுக் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். பட்டப் பகலில் அந்தத் தெருவில் ஒரு மனுஷ வாடை இல்லை. வரிசையாகப் பூட்டின வீடுகள், கொடியில் துணி, ஒரு வெள்ளாடு. எங்கேயோ ரேடியோ மட்டும் பாடிக்கொண்டிருந்தது. பாலகுரு கடைசி வீட்டைக் காட்டினார். கதவு உள்ளே தாழ்ப்பாள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். நான் ஒரு மாதமாகப் பார்த்த சுண்ணாம்புச் சுவர். நான் ஒரு மாதமாகப் பார்த்த நாற்காலி. மூலையில் மேலே ஒரு சிவப்புப் புள்ளி மினுங்கியது. இந்த நேரத்தில் சிவகாசியில் நம் வீட்டில், ஆளில்லாத அறையில், ஜன்னலில் என் முகம் தெரிகிற படம் ஒன்று போய் விழுந்துகொண்டிருக்கும் என்று தோன்றியது. அப்போது உள்ளேயிருந்து குரல் வந்தது. முதல் தடவையாக அவள் குரல்.

“வந்துட்டியாய்யா?”

பின்கதவை நானும் பாலகுருவும் தோளால் இடித்துத் திறந்தோம். ஆவுடைத்தாய் என்று பெயராம். தரையில் கிடந்தபடி எங்களைப் பார்த்தாள். கிட்டத்தில் பார்த்தால் அக்கா ஜாடை துளிக்கூட இல்லை. இடுப்பு எலும்பு முறிந்திருந்தது, அசைக்க முடியவில்லை. உதடு காய்ந்திருந்தது. அத்தை அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு வாயில் தண்ணீரை ஊற்றினாள். பாலகுரு 108-க்குப் போன் செய்தார்.

“எம் மகன் சொல்லி வந்தீகளா?” என்று கேட்டாள் ஆவுடைத்தாய்.

நான் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். உங்கள் அத்தை என்னைப் பார்த்த பார்வையில் வாய் தானாக மூடிக்கொண்டது. “ஆமா மதினி, ஒங்க மகன்தான் பாத்துட்டுப் பதறிப்போய்ச் சொன்னாக” என்றாள்.

“அதானே. தெனமும் மத்தியானம் அவங்கிட்டத்தான் பேசுதேன். நேரத்துக்குச் சாப்பிடு, வெயில்ல அலையாத, ஒரு வார்த்த போன் பண்ணுலேன்னு வைவேன். அந்த டப்பா கேக்குதோ கேக்கலையோன்னு நெனச்சேன். கேட்டிருக்கான் பாத்தீகளா!” என்று சொல்லிவிட்டு அந்த வலியிலும் சிரித்தாள்.

அந்தத் திட்டு அத்தனையும் எனக்கு வந்தது மாப்பிள்ளை. நேரத்துக்குச் சாப்பிடு என்று ஒருத்தி சொன்னதற்குத்தான் நான் ஒரு மாதம் சோறு இறங்காமல் கிடந்தேன்.

இப்போது விருதுநகர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்து தேறி வருகிறாள். முனியராஜ் போனில் அழுதான். கேமரா ரிப்பேர் என்று நினைத்து விட்டுவிட்டானாம். “அம்மாட்ட சொல்லிராதீகண்ணே” என்றான். சொல்லவில்லை, நீங்களும் யாரிடமும் சொல்ல வேண்டாம். வெள்ளிக்கிழமை வந்து இறங்குகிறான். அந்த வீட்டைப் பூட்டிச் சாவியை நாங்கள் வைத்திருக்கிறோம். கேமராவின் ஒயரைப் பாலகுரு பிடுங்கிவிட்டார். அண்டா அங்கேயே இருக்கிறது. கொடுத்தது கொடுத்ததுதான் என்கிறாள் உங்கள் அத்தை.

ஆகவே தாங்கள் வருகிற ஞாயிற்றுக்கிழமை எந்த வேலை இருந்தாலும் போட்டுவிட்டுச் சிவகாசிக்கு வந்து, அந்தப் போர்ட்டை மூடி, ஆணி அடிக்க முடியுமென்றால் ஆணியும் அடித்து, தானாகத் திறக்கிற பழக்கத்தை அந்தப் பெட்டிக்கு விடச் செய்ய வேண்டும். ஒரு உயிர் பிழைத்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த வாசல் வழியாக ஆவுடைத்தாய் வந்தால் இன்னும் யார் யாரோ வரலாம். உள்ளே வருகிற வாசல் வழியாக வெளியேயும் போகலாம். உங்கள் தாலிகட்டுப் படத்துக்கு முன்னால் எந்த ஊரில் எவன் உட்கார்ந்து கும்பிட்டுக்கொண்டிருக்கிறானோ. எனக்கு வயதாகிவிட்டது, தெரியாதவர்கள் வீட்டை இனிமேல் பார்க்க மனதில் தெம்பில்லை. மூடிவிடுங்கள்.

இசைவாணியை மழையில் நனைய வேண்டாம் என்று அத்தை சொல்லச் சொன்னாள். சம்பந்தியம்மாளுக்கு எங்கள் வணக்கம். உங்கள் இரண்டு பேருக்கும் மாரியம்மன் துணையும், எங்கள் இரண்டு பேரின் மனம் நிறைந்த ஆசியும் எப்போதும் உண்டு.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மாமனார்
முத்துக்கிருஷ்ணன்

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து உறையில் போடப் போகும்போது பாலகுரு வந்தார். நீங்கள் வரும் முன் ஒரு தடவை பார்த்து வைக்கிறேன் என்று ரவுட்டரின் உள்விவரங்களைத் திறந்தார். “அண்ணாச்சி, அன்னைக்கு அவசரத்துல பாக்காமலே சொல்லிட்டேன். ஆவணியில இடி விழுந்து பெட்டி மாத்துனோம்ல. புதுப் பெட்டியில தானாத் தொறக்கதே கிடையாது. அப்பருந்து ஒங்க நம்பரும் மாறிப் போச்சு. எல்லாம் பூட்டித்தான் கெடக்கு” என்றார். முதல் படம் வந்தது பெட்டி மாற்றிய பிறகு. அப்படியானால் படம் எந்த வழியாக வந்தது என்று கேட்டேன். அவர் பெட்டியின் ஒயர்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். ஆகவே தாங்கள் ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம், மூடுவதற்கு இங்கே ஒன்றும் இல்லை. மேலே பெட்டியைப் பற்றி எழுதியதையெல்லாம் எழுதாததாக வைத்துக்கொள்ளவும். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே டிஸ்க்கில் ஒரு படம் வந்து விழுந்திருக்கிறது. வேறு வீடு. ஓட்டுக்கூரை, அடுப்பு எரிகிறது, அடுப்புக்குப் பக்கத்தில் சேலைத் தொட்டில், அதிலிருந்து ஒரு பிஞ்சுக் கால் தெரிகிறது, பெரியவர்கள் யாரும் இல்லை. பாலகுரு பார்த்துவிட்டு, “இந்த வீடு எனக்குத் தெரியும். வெம்பக்கோட்டையில, டேமுக்குப் போற வழி. ஆனா அங்கன நம்ம லைனும் கிடையாது, யார் லைனும் கிடையாது அண்ணாச்சி” என்றார். இப்போது வாசலில் பைக்கை உதைத்துக்கொண்டிருக்கிறார். அத்தை செருப்பு மாட்டுகிறாள். கையெழுத்து கோணலாக இருப்பதை மன்னிக்கவும், நின்றுகொண்டே எழுதுகிறேன்.