கடலுக்குக் கல் வைத்தவர்

டொக்.

மழை விட்ட மாலையில், எங்கள் குறுகலான ஒழுங்கைத் தெருவின் ஏற்றத்தில் யாரோ வண்டியை நிறுத்திவிட்டு டயருக்குப் பின்னால் கல்லைப் போடுகிறார்கள். தாரில் கல் விழுகிற சத்தம். கண்டியில் இது காகம் கரைகிற மாதிரி, யாருக்கும் கேட்பதில்லை. எனக்கு மட்டும் கையிலிருக்கிற தேத்தண்ணி ஆறிப்போகும். சத்தத்துக்குப் பின்னால் ஒரு குரல் வருமா என்று காது காத்திருக்கும். வராது.

உலகத்திலேயே தனக்குத் தானே உத்தரவு போட்டு, தானே கீழ்ப்படிந்து, தன்னையே நக்கலும் அடித்துக்கொண்ட ஒரே வான் டிரைவர் கல்லண்ணன்தான். அவருக்கு வேறொரு பெயர் இருந்ததற்கு அவருடைய ஊரான கெலிஓயாவில் எந்தச் சாட்சியும் இல்லை.

மலைநாட்டில் வண்டி நிறுத்துவது இரண்டு பேர் செய்கிற வேலை. டிரைவர் பிரேக்கை மிதித்தபடி "கல்லு!" என்று கத்துவார். கிளீனர் குதித்து இறங்கி, டயருக்கு அண்டக் கல்லை வைத்துவிட்டு "வச்சாச்சு!" என்பார். அதன் பிறகுதான் டிரைவர் கியரை விடுவித்துக் காலைத் தூக்குவார். கல்லண்ணனிடம் வான் இருந்தது. மகாவலி ஆற்றில் பொறுக்கிய இரண்டு கற்கள் இருந்தன. ஹேண்ட் பிரேக் என்று பார்வைக்கு ஒன்று இருந்தது. கிளீனர் மட்டும் இல்லை.

அதனால் ஆசனத்தில் இருந்தபடியே கட்டைக் குரலில் "கல்லு!" என்று கத்துவார். வண்டியைக் கியரில் விட்டுவிட்டு இறங்கி ஓடுவார். டொக். பிறகு பின்னாலிருந்து கீச்சுக் குரலில், "வச்சாச்சுங்க, மொதலாளி!" என்று சுள்ளென்று ஒரு பதில். மறுபடி ஏறி உட்கார்ந்து, பதில் கேட்டுத் திருப்திப்பட்டவராகத் தலையாட்டி, மறுபடி இறங்குவார். இதெல்லாம் முடியும்வரை பயணிகள் உள்ளேயே இருக்க வேண்டும். ஒருமுறை ஒரு மாப்பிள்ளை வீட்டார் பொறுமை இழந்து நடுவில் இறங்கப் பார்த்தார்களாம். "மொதலாளி இன்னும் சொல்லலீங்க" என்று கதவைச் சாத்திவிட்டாராம்.

வளைவுகளில் ஹோன் அடிப்பதும் அவருக்கு ரத்தத்தில் ஊறியது. பேக்கரிக்கு நடந்து போனால்கூட, பாண் அலுமாரியின் மூலை திரும்பும்போது வாயாலே "பாம்" என்பார்.

எனக்கு அவர் பழக்கமானது மகளால். என் மகள் கயலுக்கு அப்போது இரண்டரை வயது. அவள் ஒரு சொல்லும் பேசவில்லை. அம்மா இல்லை, அப்பா இல்லை, 'ம்' கூட இல்லை. காது நன்றாகக் கேட்கிறது, பொறுங்கள் என்று டாக்டர்கள் சொன்னார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து என் அம்மா நாள்தோறும் தொலைபேசியில் ஒரே கேள்வி.

"பிள்ளை ஏதும் கதைச்சதே?"

"இல்லையம்மா."

"நீ கதைச்சாத்தானே அது கதைக்கும்."

அது உண்மை. கணவரின் வேலைக்காகக் கண்டிக்கு வந்தோம். பிறகு அவர் கட்டாருக்குப் போனார். நான் அம்பிட்டியவின் ஒரு ஏற்றத்தில், வாடகை மேல்மாடியில், கலியாணமாகி நெடுங்காலம் கழித்துப் பிறந்த ஒரு பிள்ளையோடு மிஞ்சினேன். வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை. மற்றவர்களின் வார்த்தைகளை ஒரு மொழியிலிருந்து எடுத்து இன்னொரு மொழியில் வைப்பேன், நாள் முழுக்க வாயைத் திறக்காமல். மழை பெய்யும். கூரையில் மட்டும் பேச்சு நடக்கும். இந்த வீட்டில் வாழ்வதென்றால் சத்தம் போடாமல் வாழ்வது என்று பிள்ளை நினைத்துவிட்டாளோ என்று சில வேளை பயம் வரும்.

அந்த ஓகஸ்டில் கணவர் லீவில் வருவதாக இருந்தது. பாசிக்குடாக் கடற்கரையில் மூன்று பேருக்கு அறை சொல்லிவைத்தோம். கடைசியில் வந்தது அவருடைய குரல் மட்டும்.

"லீவு தரமாட்டினமாம். நீங்கள் ரெண்டு பேரும் போங்கோப்பா. கடலைக் கண்டா பிள்ளை கதைப்பாள்."

கடலைக் கண்டால் கதைப்பாள். நூலளவு நம்பிக்கை. அதைப் பிடித்துக்கொண்டுதான் கல்லண்ணனின் வானில் ஏறினேன்.

"இதுதாங்க என் கடைசி ஹயர் ஓட்டம்" என்றார் புறப்படும்போதே. "வானை வத்தேகமப் பக்கம் ஒருத்தருக்குக் குடுத்துட்டேன். மக கிளிநொச்சியில இருக்கா. அங்க போறேன். ஒரே சமமான எடம். எங்கிட்டுப் பார்த்தாலும் சமம்." 'சமம்' என்ற சொல்லை ஏதோ நோயின் பெயர் மாதிரி சொன்னார்.

மஹியங்கனைக்கு இறங்கும் பதினெட்டு வளைவிலும் மனிதர் பாட்டுப் பாடினார். ஒவ்வொரு கொண்டையூசி வளைவிலும் ஹோன் அடித்து, கயலைத் திரும்பிப் பார்த்துக் கண்ணடித்தார். அவள் கண் கொட்டாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மலை முடிந்தது. தெரு நீட்டி நிமிர்ந்து படுத்தது. பாட்டு நின்றது. கல்லண்ணனின் நெற்றியில் வேர்வை.

"என்ன அண்ணை, சுகமில்லையோ?"

"ரோட்டைப் பாருங்கம்மா. வளைவே இல்ல. வளைவு இருந்தா அங்கிட்டு என்ன வருதோன்னு பயந்து முழிச்சிருப்போம். இங்க எல்லாமே தெரியுது. எல்லாம் தெரிஞ்சா மனுசன் தூங்கிருவான்."

தூங்காமலிருக்க அவர் கண்டுபிடித்த வழி, நேரான தெருவில் தானே வளைவு போடுவது. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, ஒவ்வொன்றுக்கும் ஒழுங்காக ஹோன். மகாஓயாவுக்குக் கிட்ட ஒரு பொலிஸ்காரர் கையைக் காட்டினார். "பீலாத?" என்று கேட்டார், குடித்திருக்கிறாயா என்று. வாயை ஊதச் சொன்னார். இஞ்சி டொஃபி வாசம் மட்டும் வந்தது. கல்லண்ணன் தன் உடைந்த சிங்களத்தில், தான் மலையிலிருந்து வருகிற ஆள் என்றும், வளைவில்லாமல் கை நடுங்குகிறது என்றும் விளக்கினார். பொலிஸ்காரர் என்னைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், பரிதாபப்பட்டுப் போகச் சொன்னார். யார்மேல் பரிதாபம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பாசிக்குடாவில், கடலுக்கு எதிரே, பாய் விரித்த மாதிரியான மணலில் வான் நின்றது.

"கல்லு!"

இறங்கி ஓடினார். கல்லை வைத்தார். மணலில் சத்தமே வரவில்லை. ஒரு கணம் குழம்பிப்போய் நின்று, "வச்சாச்சுங்க... மொதலாளி" என்றார் சந்தேகத்தோடு.

வலை உலர்த்திக்கொண்டிருந்தவர் சிரித்தார். "என்ன அண்ணன் இது? தரை சமனாத்தானே கிடக்கு. வண்டி எங்க ஓடப் போகுது?"

கல்லண்ணன் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறந்ததிலிருந்து முதன்முறையாக. அலை வந்தது, போனது, வந்தது. அவர் முகத்தில் தொழில்முறைக் கவலை படர்ந்தது.

"ஒரு நிமிசம் நிக்க மாட்டேங்குதே. யாரோ ஹேண்ட் பிரேக் போடாமப் போயிட்டாங்க போல."

அப்படித்தான் தொடங்கியது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரையில் நின்று "கல்லு!" என்று கத்தினார். கயல் ஒரு தேங்காய்ச் சிரட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடி, அலைக்கு முன்னால் வைத்தாள். "வச்சாச்சுங்க, மொதலாளி!" என்று அவளுக்காகவும் அவரே கீச்சுக் குரலில் சொன்னார். அலை சிரட்டையைக் கொண்டுபோனது. மறுபடி "கல்லு!" மறுபடி சிரட்டை. சிப்பி, பவளத் துண்டு, ஹோட்டல்காரர்களின் ஒற்றைச் செருப்பு. அந்த விடுமுறை முழுக்க அவர்கள் இருவரும் வங்காள விரிகுடாவை நிறுத்தப் பாடுபட்டார்கள். வெள்ளைக்காரப் பயணிகள் படம் எடுத்தார்கள்.

நான் கடலுக்குள் நடந்தேன். பாசிக்குடாக் கடல் ஆழமில்லாதது. போகப் போக முழங்கால், இன்னும் போனாலும் முழங்கால். கரை சிறிதாகி, மகள் ஒரு மஞ்சள் புள்ளியாகும்வரை நடந்தும் தண்ணீர் இடுப்புக்கு ஏறவில்லை. வெளிச்சம் எங்கும் சிந்திக் கிடந்தது. பங்கிட்டுக்கொள்ள ஆளில்லாத வெளிச்சம். "பாருங்கோ" என்று சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தில் தண்ணீர்தான் நின்றது. கடல்கூட என்னை உள்ளே எடுக்கவில்லை என்று தோன்றியது. திரும்பி நடந்தேன்.

அறையில் துவாய்களை அன்னம் மாதிரி மடித்து வைத்திருந்தார்கள். மூன்று அன்னங்கள். இரண்டைப் பிரித்துத் துடைத்துக்கொண்டோம். மூன்றாவது, வராதவருக்கானது, கட்டிலின் அந்தப் பக்கத்திலேயே கழுத்தை வளைத்துக்கொண்டு இருந்தது. குளித்துவிட்டு வந்து பார்த்தால் அதன் வாலுக்குப் பின்னால் ஒரு பவளத் துண்டு. கயல் கல் வைத்திருக்கிறாள்.

"பிள்ளை ஏதும் சொன்னவளோ?" கட்டாரிலிருந்து கேட்டது குரல்.

"இல்லை."

"கடலைக் கண்டவள்தானே?"

"கண்டவள்."

கடலை அவருக்குக் காட்டக் கைபேசியைத் திருப்பினேன். நெடுநேரம் இருவரும் கடலையே பார்த்தோம், இரண்டு நாடுகளிலிருந்து.

திரும்புவதற்கு முதல் நாள் பின்னேரம் கல்லண்ணனுக்குத் தேத்தண்ணி கொடுக்கும்போது கேட்டேன். "ஏன் அண்ணை, ஒரு கிளீனரை வச்சிருக்கலாமே?"

"இருந்தாங்க. எங்க வீட்டுக்காரிதான்."

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார்.

"நெசமாங்க. ஒருக்கா கல்யாண ஹயர் முடிஞ்ச அசதியில மாப்பிள்ளைய எறக்க மறந்து நேரா எங்க வீட்டுக்கே கொண்டாந்துட்டேன். பின் சீட்டுல தூங்கிக்கிட்டிருக்காரு, மாலையோட! அன்னியிலருந்து என்னைத் தனியா விடமாட்டா. சேலையை இழுத்துச் சொருகிக்கிட்டு முன்னால ஏறிக்குவா. நான் கல்லுன்னா, எறங்கி வச்சிட்டு, 'வச்சாச்சுங்க, மொதலாளி'ம்பா. நக்கலு. வீட்டுல யாரு மொதலாளின்னு ஊருக்கே தெரியும்."

தேத்தண்ணியை ஊதினார்.

"அவ போனப்புறம் ஒரு ஆளு போட்டேங்க. கல்லு நல்லாத்தான் வச்சான். திட்டத் தெரியல. நிறுத்திட்டேன்."

மறுநாள் திரும்பினோம். அவர் வளைவுகளில் பாடினார், நான் ஜன்னலைப் பார்த்தேன். கடல் தன் கடமையைச் செய்யவில்லை. பின் ஆசனத்தில் கயல் மடியில் சிரட்டையோடு, போனபோது இருந்த அதே மௌனத்தோடு.

எங்கள் ஒழுங்கையின் ஏற்றத்தில் வான் மூச்சு வாங்கி நின்றது.

"கல்லு!" என்றார் கல்லண்ணன். கதவில் கை வைத்தார்.

"வத்தாத்திங்க!"

கீச்சுக் குரல். பின்னாலிருந்து. அவருடையது அல்ல.

கல்லண்ணன் அப்படியே உறைந்தார். ஆனால் பழகிய கையும் காலும் உறையவில்லை. கிளீனர் பதில் சொல்லிவிட்டார் அல்லவா? கை கியரை விடுவித்தது, கால் பிரேக்கிலிருந்து எழுந்தது. வான் மிக நிதானமாகப் பின்னோக்கி இறங்கத் தொடங்கியது. என் மகள் உலகத்துக்குச் சொன்ன முதல் வார்த்தை, ஒரு முழுப் பொய்.

கீழ்வீட்டுச் செம்பரத்தை வேலி எங்களை ஏந்திக்கொண்டது. பின்கண்ணாடியில் சிவப்புப் பூக்கள். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. கல்லண்ணன் வேலியையும் பார்க்கவில்லை, வானையும் பார்க்கவில்லை.

"பேசிட்டாங்கம்மா! பாப்பா பேசிட்டா!" கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளிடம் திரும்பினார். "மொதலாளிய எங்க காணோம்? மருவாதி தெரியாத கிளீனரா இருக்கியே!"

நான் பிள்ளையைக் கட்டிக்கொண்டேன். அவள் சிரட்டை என் நெஞ்சில் குத்தியது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அதற்குள் அவர் வானை மறுபடி ஏற்றத்தில் நிறுத்தி, தானே கல் வைத்து, பெட்டிகளை மேல்மாடிக்கு ஏற்றிவிட்டார்.

அம்மாவுக்கு அழைத்தேன்.

"கதைச்சிட்டாளம்மா!"

"என்ர முருகா! என்ன சொன்னவள்? அம்மா எண்டோ?"

"இல்லை. வச்சாச்சுங்க எண்டு."

"'ங்க'வோ?" என்றாள் அம்மா. "எங்கட வீட்டில ஆர் பிள்ளை மலைநாட்டு ஆக்கள் மாதிரி 'ங்க' போட்டுக் கதைக்கிறது?"

"இனி இவள்."

தேத்தண்ணி குடித்து முடித்து, கல்லண்ணன் இறங்கி நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். டயரடியில் இருந்த கல்லை எடுத்து, வேட்டி நுனியால் துடைத்து, கயலின் கையில் கொடுத்தார். அவளுக்கு அது இரண்டு கைப் பாரம்.

"ரெண்டுல ஒண்ணு பாப்பாவுக்கு. கிளிநொச்சியில எனக்கு ஒண்ணு போதும். சும்மா பார்த்துக்கிட்டிருக்க."

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். நாள் முழுக்க வார்த்தைகளோடு குடித்தனம் நடத்துகிறவள். "கவனமா ஓடுங்கோ அண்ணை" என்பது மட்டும் வந்தது.

"சரிங்கம்மா" என்று ஏறி உட்கார்ந்தார்.

எங்கள் ஒழுங்கையில் வண்டி திருப்ப இடம் கிடையாது. பின்னோக்கித்தான் இறங்க வேண்டும். அவர் சாவியைத் தேடி மடியைத் தடவிக்கொண்டிருந்தபோது கயல் என் கையை உதறிவிட்டு ஓடினாள். குந்தினாள். டொக். பின் டயருக்கு அண்ட, நேராக, அவர் வைக்கிற மாதிரியே. ஓடிப்போய் அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். கல்லை எடுக்கலாம். குனிந்தால் போதும். நான் குனியவில்லை.

பக்கக் கண்ணாடியில் கல்லண்ணனின் கண்கள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. தலையை வெளியே நீட்டினார்.

"கல்லை எடுக்கணும் கிளீனரம்மா. மாமா போகணும்ல?"

கயல் என் கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"வத்தாத்திங்க, மொதயாயி."