எல்லைக் கூட்டத்தில் எங்கள் எருமை

அடுத்தவர் எழுதியதைப் படித்துவிட்டு "நல்லாயிருக்கு" என்று சொல்வது சுலபம். அதையே நாலு பேர் முன்னால் நம் வாயால் படிப்பது வேறு விஷயம். படித்து முடிப்பதற்குள் அது நாம் சொன்னதாகவே ஆகிவிடும்.

என் மகள் போனில் எனக்கென்று ஒரு பக்கம் திறந்து கொடுத்ததிலிருந்து, நாட்டு நடப்பு, நியாயம் அநியாயம் என்று தோன்றியதை எழுதிவருகிறேன். நேரில் யாராவது பேர் கேட்டால்கூடக் கதவுக்குப் பின்னால் போய்விடுகிற ஆள் நான். போனில் மட்டும் புலி. இதைப் படிக்கிற தம்பி ஒருவர், தான் எழுதிய கட்டுரையை என் பக்கத்தில் போடச் சொல்லி அனுப்பிக்கொண்டே இருக்கிறார். நம்மவர் யார், நம்மவர் அல்லாதவர் யார் என்று பிரித்து எழுதியிருக்கிறார். எழுத்து நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் போட மாட்டேன். தம்பி, கோபித்துக்கொள்ளாமல் இதைப் படியுங்கள்.

அப்போது எனக்குக் கல்யாணமான புதுசு. ஆந்திரா தனி ராஜ்யமாகப் பிரிந்துவிட்டது. எங்கள் பக்கத்து ஊர்களை யார் வைத்துக்கொள்வது என்று மட்டும் முடிவாகவில்லை. பாலசமுத்திரத்துக்குப் பக்கத்தில், ஆந்திராப் பக்கம் விழுந்த தமிழ் ஊர் எங்களுடையது. ஏர் ஓட்டுகிறவர்கள்கூட மாட்டை நிறுத்திவிட்டு எல்லையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அதில் முதல் ஆள் என் மூத்தார், அதாவது வீட்டுக்காரருக்கு அண்ணன். பஸ்ஸில் பேப்பர் வந்து இறங்கியதும் மடிப்புப் பிரிக்கும் முன்னாலேயே தலையங்கத்தை மறுத்துப் பேச ஆரம்பித்துவிடுவார். யார் எழுதினாலும் "சாரமில்ல" என்பார். சாரம் எப்படி இருக்கவேண்டும் என்று காட்டுவதற்காகத் தானே எழுதுவார். அவர் எழுதினால் காற்புள்ளி இருக்கும் இடத்தில் மூச்சு விடலாம். முற்றுப்புள்ளி வருவதற்குள் மூச்சு போய்விடும்.

ஊர் நிலவரம் விசாரிக்க ஓர் ஆபீசர் வரப்போகிறார் என்று தெரிந்ததும் மூத்தார் எங்கள் வீட்டிலேயே கூட்டம் போட்டார்.

"பொம்பள ஒருத்தி எழுந்து நின்னு பேசினா ஆபீசர் மனசு எளகும், ஊரத் தமிழ்ப் பக்கம் சேத்துடுவாரு. நான் எழுதித் தர்றேன். படிச்சா போதும்."

"யாரு படிக்கிறது?" என்றார் என் வீட்டுக்காரர்.

"உம் பொண்டாட்டிதான். இந்த ஊர்ல தமிழ் படிக்கத் தெரிஞ்ச பொம்பள வேற யாரு கீறா? அஞ்சாங்கிளாஸ் படிச்சிக்கீறாளே."

"அவளா? அவ எங்கிட்டயே இன்னும் சரியா பேசல, நீ வேற."

மூத்தார் எதிரில் வாய் திறக்கக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். அதனால் "மாட்டேன்" என்று சொல்லக்கூட என்னால் வாய் திறக்க முடியவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

மறுநாள் அவர் எழுதிய பேச்சு என் கைக்கு வந்தது. எங்கள் அத்தை, அதாவது மாமியார், புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். படித்துக் காட்டச் சொன்னார். ஏரி, வாய்க்கால், சந்தை என்று முதல் பக்கம் சுகமாகப் போனது. இரண்டாம் பக்கத்தில் வந்தது பாருங்கள் ஒரு வரி: "எங்கள் இல்லங்களில் தெலுங்கு ஒரு சொல்லளவும் புழங்கியதில்லை, புழங்குவோர் எங்கள் மக்களும் அல்லர்."

நான் அதைத் தாண்டிக் குதித்து அடுத்த வரிக்குப் போனேன். அத்தை தலை நிமிர்ந்தார்.

"இன்னாடி, நடுவுல நின்னுட்ட?"

பொய் சொல்லத் தெரியாது. படித்துவிட்டேன்.

அத்தையின் கை நின்றது. அவர் வெதுருகுப்பத்துத் தெலுங்கு வீட்டுப் பெண். எங்கள் மாமனார் ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டு வந்தவர். தமிழ் பேசுவார். ஆனால் கோபம், சிரிப்பு, சாமி கும்பிடுவது எல்லாம் தெலுங்கில்தான். கல்யாணமாகி வந்த புதிதில் நான் அம்மாவை நினைத்து அழுதபோது, என்ன சொல்வதென்று தமிழில் வராமல், என் தலையைத் தடவிக்கொண்டே தெலுங்கில் ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. அப்படியே அவர் மடியில் தூங்கிப்போனேன்.

"மரி நேனெவரே?" என்றார் அத்தை. அப்போ நான் யாருடி என்று அர்த்தம். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். பிறகு குனிந்து புளியைக் கிண்டினார். "சதுவம்மா, சதுவு, படி. பெரியவன் எழுதினது நல்லாத்தான் கீது."

அந்தப் பெரியவனைப் பெற்றவரே அவர்தான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கூட்டத்தில் அத்தை முன்வரிசையில் உட்காருவார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு, இவர் எங்கள் மனுஷி இல்லை என்று ஊருக்கும் சர்க்காருக்கும் நான் படித்துக் காட்ட வேண்டும். மாட்டேன் என்று சொல்லவும் தைரியமில்லை. படிக்கவும் மனசில்லை. என் அஞ்சாங்கிளாஸ் மூளை ஓர் உபாயம் கண்டுபிடித்தது: அந்த வரி வரும்போது இருமிவிடுவது. மாட்டுக் கொட்டகையில் நின்று இருமிப் பழகினேன். (பேச்சைவிட இருமலைத்தான் அதிகம் பழகினேன்.)

கூட்டம் பள்ளிக்கூடத்துக்கு முன்னால். தென்னங்கீற்றுப் பந்தல். நான்கு காலிலும் குலையோடு வாழைமரம் கட்டியிருந்தார்கள். ஆபீசர் கண்ணாடி போட்ட சாது மனிதர். இரண்டு பாஷையும் தெரிந்தவர். மாலை போட்டு, சோடா கொடுத்து உட்காரவைத்தார்கள். என்னைப் பிடித்து நிறுத்தினார்கள். கால் தரையில் இருந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. முந்தானையை மூக்குவரை இழுத்துக்கொண்டு படித்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"கொஞ்சம் சத்தமா, அம்மா," என்றார் ஆபீசர்.

"சத்தமா! சத்தமா!" என்று ஊரே சத்தம் போட்டது.

ஏரி போனது, வாய்க்கால் போனது. அந்த வரி வந்தது. இருமினேன். பழக்கம் பாருங்கள், ரொம்ப நன்றாக வந்துவிட்டது. நிறுத்த முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. யாரோ ஆபீசருடைய சோடாவை என் வாயில் ஊற்றினார்கள். அது மூக்கில் ஏறியது.

"பாவம், அந்த வரிய மறுபடியும் மொதல்லர்ந்து படி, ஒண்ணும் அவசரமில்ல," என்றார் மூத்தார் பின்னாலிருந்து, மிகுந்த அன்போடு.

நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் பந்தல் ஆடியது. எங்கள் வீட்டு எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து வாழைமரத்தைத் தின்றுகொண்டிருந்தது. மரத்தோடு பந்தல்காலையும் சேர்த்து இழுத்தது. அந்த வாழைமரம் கட்டியிருந்த கால் ஆபீசர் தலைக்கு நேர் பின்னால்.

"டேய், துன்னுது பார்றா! ஹேய்! போ! போ!"

ஊரே தமிழில் விரட்டியது. எருமை காதைக்கூட ஆட்டவில்லை. மூத்தார் துண்டை வீசி, "அப்பால் செல்!" என்றார். (பதட்டத்திலும் அவருக்கு எழுத்துத் தமிழ்தான்.) எருமைக்குத் தமிழே தெரியாது என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். வெதுருகுப்பத்திலிருந்து கன்றாக ஓட்டிவந்து அத்தை வளர்த்த எருமை. எங்கள் பக்கத்தில் மாடு எந்த ஊரில் வாங்கியதோ அந்த ஊர்ப் பாஷையில்தான் அதை மேய்ப்பார்கள். கூட்டம் நடக்கிற இடத்தில் யார் தெலுங்கில் கூப்பிடுவது? எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அத்தை எழுந்திருக்கப்போய், மகனைப் பார்த்துவிட்டு, மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

கீற்று ஒன்று சரிந்து ஆபீசர் தோளில் விழுந்தது.

எனக்கு என்ன வந்ததோ! முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, அத்தை தினமும் கொட்டகையில் கூப்பிடுகிற அதே வார்த்தையை, அதுவரை யாரும் கேட்டறியாத குரலில் கத்தினேன்:

"ஒசே பங்காரம்! வெனக்கி ரா! ரா தல்லி, ரா!"

என் தங்கமே, பின்னால் வாடி, வா தாயே, வா என்றதும் எருமை நல்ல பிள்ளையாகத் திரும்பியது. கூட்டத்துக்கு நடுவே நடந்து வந்து என் பக்கத்தில் நின்றது. மூக்கை என் புடவையில் துடைத்தது. கையிலிருந்த பேச்சின் இரண்டாம் பக்கத்தை உருவி மெல்ல ஆரம்பித்தது.

அது மெல்கிற சத்தம் மட்டும் கேட்டது.

ஆபீசர் தோளைத் தட்டிக்கொண்டு கேட்டார்: "இந்த எருமை எந்த ராஜ்யம், அம்மா?"

"அது தெலுங்குங்க," என்றேன். "எங்க அத்த வளத்தது. அவங்களும் தெலுங்கு. நாங்கள்லாம் தமிழுங்க."

"ஒரே வீட்லயா? சண்டை வராதா?"

"வரும்ங்க. அவங்க தெலுங்குல திட்டுவாங்க. நாங்க தமிழ்ல வாங்கிக்குவோம்."

ஊர் சிரித்த சிரிப்பில் மிச்சக் கீற்றும் விழுந்தது. ஆபீசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அத்தை மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து வந்து, என் முந்தானையை இடுப்பிலிருந்து எடுத்துத் தலைமேல் போட்டுவிட்டார். எருமையின் கொம்பை ஒரு கையிலும் என் மணிக்கட்டை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். எங்கள் இரண்டு பேரையும் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார். அவ்வளவு சந்தோஷமான திட்டை நான் அதற்கு முன்னாலும் பின்னாலும் வாங்கியதில்லை.

எங்கள் ஊர் ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. எங்கோ பெரியவர்கள் உட்கார்ந்து கோடு போட்டார்கள். எருமைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் எங்கள் வீட்டில் அப்படி யாரும் நம்பவில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் தெலுங்கு எழுத வராமல் அடி வாங்கிக்கொண்டு வந்தால், "எல்லாம் அம்மாவாலதான்" என்று என்னைத்தான் முறைக்கும். மூத்தார் கொஞ்ச காலம் என் கையால் தண்ணீர்கூட வாங்கவில்லை. ஒரு நாள் அத்தை சோறு போட்டுக்கொண்டே, "பெரியவனே, அந்த ரெண்டாம் பக்கத்துல இன்னா எழுதின? எருமைக்கு ரொம்பப் புடிச்சிருந்திச்சே," என்றார். மூத்தாருக்குப் புரையேறிவிட்டது. சிரித்தாரா அழுதாரா தெரியாது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை. அதற்குப் பிறகு அந்த மாதிரி வரி அவர் எழுதி நான் பார்த்ததில்லை.

அத்தை போன பிறகு அந்தக் கதையைக் கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றிலும் சொல்ல ஆரம்பித்தவர் மூத்தார்தான். அவர் சொல்லச் சொல்ல எருமை வளர்ந்தது, பந்தல் வளர்ந்தது, ஆபீசர் கலெக்டரானார். கடைசியில் கூப்பிட்ட ஆளும் மாறிவிட்டது. "நான் எழுந்து நின்னு, ரா தல்லி ரான்னு ஒரு கூப்பாடு போட்டேன் பாரு," என்பார். பிள்ளைகள் எல்லாம் என் பக்கம் திரும்பிப் பார்க்கும்.

நான் வாய் திறக்க மாட்டேன். மூத்தார் எதிரில் பேசக்கூடாது என்பது ஒன்று. இன்னொன்று, அது அவருடைய அம்மா பாஷை. அவரே கூப்பிட்டதாக இருக்கட்டும்.