மூன்று நிமிடத்துக்கு மேல்

மக்கள் தங்குதடையின்றி நடந்து இன்புறும் பொருட்டு, நடைபாதையில் மூன்று நிமிடத்துக்கு மேல் அசையாமல் இருக்கும் எதுவும் ‘தடை’ எனக் கருதி அகற்றப்படும் என்று மாநகராட்சி ஆணை பிறப்பித்தது. நல்ல ஆணைதான். யார் வேண்டாமென்பார்கள்?

நடைபாதையோரம் பெட்டி வைத்துச் செருப்பு தைப்பவருக்குத்தான் சிக்கல். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. அதற்குள் மாநகராட்சி ஆய்வாளர் கடிகாரமும் கையுமாக வந்து நின்றார்.

“ஐயா, இருபது வருஷமா இங்கதான் உட்கார்ந்திருக்கேன்.”

“இருபது வருஷமா! மூணு நிமிஷத்துக்கே தூக்கச் சொல்லியிருக்கு!”

“பஸ்ஸுக்கு நிக்கறவங்க?”

“காலையிலேயே அகற்றியாச்சு.”

“அப்ப நடந்துகிட்டே தைச்சா?”

ஆய்வாளர் ஆணையை முன்னும் பின்னும் புரட்டினார். “நடந்தா நீ பாதசாரி. உன்னைத் தொட எனக்கு அதிகாரமில்லை.”

அன்றே பெட்டி கழுத்தில் ஏறியது. அவர் நடந்துகொண்டே தைக்க, செருப்பைக் கொடுத்தவர் ஒற்றைக் காலில் கூடவே நொண்டினார். ஊசி தோலில் ஒருமுறை ஏறினால் விரலில் இருமுறை ஏறியது. பாழாய்ப்போன பிழைப்பு! மூச்சு வாங்க நின்ற ஒரு வயதான அம்மாவிடம் ஆய்வாளர் ஓடிவந்தார்.

“அம்மா, ரெண்டே முக்கால் நிமிஷம் ஆச்சு. கொஞ்சம் அசைங்க, ப்ளீஸ்!”

மாதக் கடைசியில் ‘தடைகள்: இல்லை’ என்று அறிக்கை மேலே போனது.

மறுநாள் செருப்பு தைப்பவரின் முதுகுக்குப் பின்னால் ஹார்ன் அலறியது. மோட்டார் சைக்கிள்!

“ஐயா, இது நடைபாதைங்க!” என்று ஆய்வாளரிடம் கத்தினார்.

“ஓடிகிட்டுத்தானேய்யா இருக்கு? எங்க நின்னுச்சு?”

இது போதாதா? ஒரே வாரத்தில் ஊரிலுள்ள இருசக்கர வண்டியெல்லாம் நடைபாதையில் ஏறிவிட்டன. நடந்தவர்கள் ரோட்டில் இறங்கினார்கள். செருப்பு தைப்பவரும் இறங்கி, நிறுத்தியிருந்த இரண்டு கார்களுக்கு நடுவே பெட்டியை வைத்து, பயந்து பயந்து உட்கார்ந்தார். மூன்று நிமிடம் ஆனது, முப்பது நிமிடமும் ஆனது, யாரும் வரவில்லை. ஆய்வாளர் மேலிருந்து எட்டிப் பார்த்தார்.

“ரோடு வேற டிபார்ட்மென்ட். நல்லா உட்காரு.”

அப்பாடா என்று அவர் ஊசியை எடுத்தார். அந்த நேரம் பார்த்து நடைபாதையில் வண்டியில் பறந்துவந்த நாம், அவர்மேல் புழுதியை வாரி இறைத்துவிட்டு, “ரோட்டுல உட்கார்ந்து உயிரை வாங்கறானே, இவனையெல்லாம் கேட்க ஆளே இல்லையா?” என்று திட்டிக்கொண்டே போனோம்.